ஜன்னலில் கட்டிய கறுப்பு வேட்டி

விழுப்புரம்
28.7.2025

அங்காளம்மன் துணை

புனிதாவுக்கு,

கிருஷ்ணவேணி எழுதுகிறேன். நீ போனில் கூப்பிட்டது தெரியும். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாயில் வரக்கூடாதது வந்திருக்கும். எழுதினால் ஒரு வார்த்தையை யோசித்து வைக்கலாம், தப்பாக விழுந்தால் அடித்துவிடலாம்.

ஆடி அமாவாசைக்குத் திண்டிவனம் வந்து அம்மனுக்குப் பொங்கல் வைத்தவள், எதிரே இருக்கிற தம்பி வேங்கடேசன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. உனக்கே தெரியும். கோயிலைப் பார்த்த ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி வைத்திருந்தாய். அம்மன் முகத்துக்கு நேர் எதிரே, கறுப்பு.

தென்னரசு மூளைக் காய்ச்சலில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீயும்தானே என்னோடு இருந்தாய்? டாக்டர் கையை விரித்த அன்று நான் வேண்டிக்கொண்டது உன் காது கேட்கத்தான். "எம்புள்ளய குடுத்துடு தாயே, உன் வாசல் இனிமே இருட்டா இருக்காது, விடிய விடிய வெளிச்சம் போடறேன்" என்றேன். அவள் கொடுத்துவிட்டாள். நான் கொடுக்க இரண்டு வருஷம் ஆனது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, இந்தச் சித்திரையில்தான் கம்பம் நட்டு ஃபோகஸ் லைட் போட முடிந்தது. கம்பத்தில் "உபயம்: தென்னரசு" என்று எழுதியிருக்கிறது. அந்த வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்று நீ துணி கட்டினால் நான் என்ன நினைக்க வேண்டும்?

நான் கேட்டதும் வேங்கடேசன் அவிழ்த்து எறிந்தான். நீ வாயே திறக்கவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அம்மன் காலில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து அவளிடம் சொல்லிவிடு.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
2.8.2025

அண்ணிக்கு,

புனிதாவின் வணக்கம். எப்போதும் எடுத்த எடுப்பில் "சாப்டியாடி" என்று கேட்பவர் நீங்கள். இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சாப்பிட்டேன். ஆனால் சௌக்கியம் இல்லை.

முதலில் அந்தத் துணி. அது உங்கள் தம்பி சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டி. வீட்டில் கனமாக இருந்தது அது ஒன்றுதான். சாமி துணி என்றுதான் தைரியமாகக் கட்டினேன். எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டேன், நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக.

நீங்கள் அந்த லைட்டை எரியும்போது நேரில் பார்த்ததில்லை. எப்போது வந்தாலும் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவீர்கள். கோயில் பொறுப்பில் இருக்கிற கண்ணையன் மாமா உங்களுக்கு அனுப்பிய போட்டோவில் கோயில் தேவலோகம் மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் திரும்பி அவர் போட்டோ எடுக்கவில்லை. எங்கள் அறைச் சுவரில் அந்த வெள்ளை வெளிச்சம் அடிக்கிறது பாருங்கள், அதில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கலாம். ஜன்னலைச் சாத்தினால் ஷீட்டு வீட்டில் வெந்து போவோம். உள் அறை முழுக்க மல்லாட்டைக் கடலை மூட்டை. பக்கத்து வீட்டுச் சேவலுக்கே விடியல் எது என்று தெரியாமல் போய்விட்டது. கண்ட நேரத்தில் கூவுகிறது.

அவர் தூங்குவதில்லை அண்ணி. புரண்டு புரண்டு படுக்கிறார். துண்டை முகத்தில் போட்டுப் பார்த்தார், மூச்சு முட்டுகிறது என்று எடுத்துவிட்டார். காலையில் கண் கோவைப்பழமாக இருக்கும், அப்படியே பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு போவார். தலைவலி. சர்க்கரை ஏறியிருக்கிறது. மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மா முதலில் கேட்டதே, படுக்கிற அறையில் வெளிச்சம் இருக்கிறதா என்றுதான். கண்ணை மூடினாலும் இமை வழியாக வெளிச்சம் போகுமாம். உடம்பு பகல் என்றே நினைத்துக்கொள்ளுமாம். இருட்டினால்தான் தூக்கத்துக்கான சுரப்பு ஒழுங்காகச் சுரக்குமாம். அது கெட்டால் சர்க்கரை, பிரஷர் எல்லாம் கட்டுக்குள் நிற்காதாம். "லைட்டு மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரைய ஏத்தறதுக்கு முன்னாடி அந்த லைட்டை எறக்கப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா புள்ள உசுரு அந்த லைட்டுல கீது. ரெண்டு கண்ணு மூடலன்னா நான் ஒண்ணும் செத்துட மாட்டேன். இனிமே இந்தப் பேச்ச எடுக்காத."

அதனால்தான் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதமும் அவருக்குத் தெரியாது. கோயிலில் கூட்டம் போனபின் லைட்டை நிறுத்தச் சொல்ல உங்களால் முடியுமா? நீங்கள் சொன்னால்தான் நடக்கும்.

புனிதா


விழுப்புரம்
7.8.2025

அங்காளம்மன் துணை

புனிதா,

சாப்பிட்டாயா? கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. வேங்கடேசனுக்குச் சர்க்கரை என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. அவன் எனக்குப் பின்னால் பிறந்தவன், இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவன் கெட்டுப்போக நான் லைட் போடுவேனா?

ஆனால் நிறுத்தச் சொல்கிறாயே. உனக்கு ஒன்று சொல்கிறேன், உன் வீட்டுக்காரனிடம்கூடச் சொல்லாதே. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. போன ஆனி மாதத்தில் காற்றும் மழையுமாக இருந்ததே, கோயிலில் கரண்ட் போய் இரண்டு நாள் லைட் எரியவில்லை. அந்த இரண்டு நாளும் இங்கே தென்னரசுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரையில் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை. அன்றிலிருந்து அவன் ஒரு தும்மல் போட்டாலும் கண்ணையன் மாமாவுக்குப் போன் போட்டு லைட் எரியுதா என்று கேட்கிறேன். அவர் சிரிக்கிறார். "ஏம்மா, கரண்ட் ஆபீசுல சேந்துட்டியா" என்கிறார். சிரிக்கட்டும்.

வீட்டுக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. அம்மனிடம் வைத்த கணக்கில் நானே கை வைப்பதா?

எல்லா ஊரிலும்தான் தெருவிளக்கு எரிகிறது. இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாங்களும் வெளிச்சத்தில்தான் இருக்கிறோம். மல்லாட்டை மூட்டையை இந்த அறைக்கு மாற்றிவிட்டு உள் அறையில் படுங்கள். எலி வந்தால் பூனை வளர்த்துக்கொள்.

அதுவும் முடியாது என்றால் ஒன்று செய். நாமாக முடிவு எடுக்க வேண்டாம். அவள் வாசலில் பூ போட்டுக் கேட்போம். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நானே வந்து பியூஸைப் பிடுங்குகிறேன். வேங்கடேசனிடம் நான் சொன்னதாகச் சொல்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
16.8.2025

அண்ணிக்கு,

நேற்று ஆடிக் கடைசி வெள்ளி. பூ போட்டுக் கேட்டாயிற்று.

கண்ணையன் மாமாதான் முன்னால் நின்றார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார். "தாயே, வெள்ளை வந்தா லைட்டு எரியட்டும், செவப்பு வந்தா நிறுத்திடறோம்" என்று சத்தமாகச் சொன்னார். பூசாரியின் பேத்தியை எடுக்கச் சொன்னார்கள். அது எடுத்துப் பிரித்தது. வெள்ளை.

உங்கள் தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தபின், "இப்ப திருப்தியா? அவளே சொல்லிட்டா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஒரு நிம்மதி. நேற்று ராத்திரி கேப்பைக் கூழை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

நான் அம்மனோடு சண்டைக்குப் போகவில்லை அண்ணி. அவள் சொன்னால் சரி. ஆனால் அவளுக்கு என் கஷ்டம் தெரியாதா என்று ஒரு நினைப்பு வருகிறது, அதை எங்கே கொண்டு போய் வைப்பது?

பூ போடுவதற்கு முன்பே, நீங்கள் சொன்னபடி மூட்டைகளை மாற்றிப் பார்த்தோம். உள் அறையில் ஜன்னலே இல்லை. ஒரே நாளில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் வேனை நிறுத்தி அதில் படுத்தார். கொசு. அதுவும் போகட்டும், பால் வாங்க வந்தவர்கள் "இன்னா வேங்கடேசா, பொண்டாட்டி வெளிய தள்ளிட்டாளா" என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாளே தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

புனிதா


விழுப்புரம்
20.8.2025

அங்காளம்மன் துணை

புனிதா,

வெள்ளை என்று படித்ததும் கடிதத்தைச் சாமி படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டேன். என் மனசில் இருந்த பாரம் இறங்கியது. பொய் சொல்லவில்லை.

வெந்தயம் ஊறவைத்துக் கொடு. சோற்றைக் குறைத்துக் கேப்பையைக் கூட்டு. மாத்திரையை விடாமல் போடச் சொல்.

மேலே எழுதியதை முடித்து உறையில் போட்டுவிட்டேன். மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். வேன் ஓட்டும்போது அவன் நன்றாகத்தானே இருக்கிறான்? அதை மட்டும் எனக்கு எழுது.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
26.8.2025

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நன்றாக இல்லை.

நேற்று சாயங்காலம் பிள்ளைகளை வீட்டில் விடப் போகும்போது வேன் ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்துக்கு முன்னால் மண்ணில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. மரத்துக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர், மாடு குறுக்கே வந்தது என்றார். நான் நம்பினேன். எந்த மாடு, யார் வீட்டு மாடு என்று திட்டவும் செய்தேன்.

இன்று காலையில் அந்த வேனில் போகிற பக்கத்துத் தெருக் குழந்தை வெண்ணிலா, மூன்றாவது படிக்கிறாள், என்னிடம் வந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

"ஆன்ட்டி, மாடு வரல. அங்கிள் கண்ணை மூடிக்கினு ஓட்டினாரு. நான்தான் கத்தினேன்."

அவள் அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். அங்கிள் பாவம் என்று சொல்லவில்லையாம். அண்ணி, அந்த ஒரு வார்த்தைக்கு நான் எந்தச் சாமியிடம் போய் என்ன சொல்வேன்? உங்கள் ஒரு பிள்ளைக்காக நாம் எல்லாரும் அப்படி அழுதோம். அந்த வேனில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

வேன் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். மாற்று டிரைவர் சின்னதுரையை ஓட்டச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலும் நானே போய்ச் சொன்னேன். நேற்று நடந்ததையும் மறைக்கவில்லை. உங்கள் தம்பி என்னோடு பேசுவதில்லை. "எம் மானத்த வாங்கிட்டியே" என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

லைட்டை நிறுத்துங்கள் என்று இனி நான் கேட்க மாட்டேன். பூ வந்துவிட்டது. உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். வந்து ஒரே ஒரு ராத்திரி எங்கள் அறையில் படுத்துப் பாருங்கள். படுத்து எழுந்தபின் நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

புனிதா


விழுப்புரம்
1.9.2025

அங்காளம்மன் துணை

புனிதா,

உன் கடிதம் வந்தபோது நான் ரேஷன் கடையில் இருந்தேன். தென்னரசு பிரித்துப் படித்துவிட்டான். பதினைந்து வயசுப் பிள்ளை, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எந்த லைட், என்ன வேண்டுதல், அவன் காய்ச்சலுக்கு நான் ஏன் ஊருக்குப் போன் போட்டேன், எல்லாம் கேட்டான். சொன்னேன்.

அவன் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான். பிறகு சொன்னான்.

"அம்மா, ஐசியூல எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த லைட்டு ஒண்ணுதான். பகலா ராத்திரியான்னே தெரியாது. நீ உள்ள வந்தா கையால என் கண்ணை மூடுவ. அப்பதான் தூக்கம் வரும். மாமாவுக்கு யாரு வந்து கைய வைக்கறது?"

புனிதா, நான் அதை மறந்தே போயிருந்தேன். உள்ளே விடுகிற கொஞ்ச நேரத்தில் நான் செய்தது அது ஒன்றுதான். தலைக்கு மேலே டியூப் லைட் எரியும், பிள்ளை முகத்தைச் சுளிப்பான், நான் இரண்டு கையையும் குவித்து அவன் கண் மேல் கூடாரம் மாதிரி வைப்பேன். நர்சம்மாகூட ஒருநாள், நல்லா தூங்கறான், இப்படியே வச்சிருங்க என்றார். வெளியே வந்து அம்மனுக்கு வெளிச்சம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உள்ளே போய் என் கையால் பிள்ளைக்குக் கொடுத்தது இருட்டு.

நேற்று முழுக்க நான் வேண்டிய வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். "உன் வாசல்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டுச் சுவர் என்று சொல்லவில்லை. தம்பி தலைமாடு என்று சொல்லவில்லை. கண்ணையன் மாமா பூ போட்டுக் கேட்டதும், எரியட்டுமா நிறுத்தட்டுமா என்பதுதான். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். எங்கே விழ வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லை. மேல்மலையனூரில் அவள் ஊஞ்சல் ஏறுவதே அமாவாசை ராத்திரியில்தானே. இருட்டு அவளுக்கு ஆகாது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் தெளிவாக எழுதிவிட்டேன். ஆனாலும் கம்பத்தில் கை வைத்த அன்று இவனுக்கு ஏதாவது என்றால்? அந்தப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. அதோடுதான் வர வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். தென்னரசுவின் பரீட்சையை விட்டு அதற்கு முன்னால் வர முடியாது. சாவி அரிசிப் பானையிலேயே இருக்கட்டும். வேங்கடேசன் கேட்டால் அக்கா கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள் என்று சொல். திட்டுவதானால் என்னைத் திட்டட்டும்.

கிருஷ்ணவேணி


விழுப்புரம்
14.9.2025

அங்காளம்மன் துணை

புனிதா,

விடிந்ததும் விடியாததுமாக எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, நாளைக்குத்தான் தபாலில் சேரும். இருந்தாலும் எழுதினால்தான் கை சும்மா இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் அறையில் நான் செய்த கூத்தை ஊரெல்லாம் சொல்லிவிடாதே. படுத்ததும் முதலில் நன்றாகத்தான் இருந்தது. அம்மனே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அப்புறம் கண்ணுக்குள் மணல் போட்டது போல ஆயிற்று. எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. திடுக்கென்று எழுந்து, விடிந்துவிட்டது என்று நினைத்து, வாசல் தெளித்துக் கோலத்தைப் பாதி போட்டுவிட்டேன். நீ ஓடி வந்து, "அண்ணி, பால்காரரே இன்னும் வரல" என்றாய். உள்ளே வேங்கடேசன் சிரித்தான். எத்தனை மாதம் கழித்து அவன் சிரித்தான் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை லைட்டைக் கீழே திருப்ப எலக்ட்ரீஷியன் ராயப்பன் கம்பத்தில் ஏறியதும் நான் பஸ் ஏறிவிட்டேன். நின்று பார்க்கத் தைரியம் இல்லை. இங்கே வந்ததிலிருந்து தென்னரசு நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். வலது கையால் தொட்டால் சூடு இருக்கிற மாதிரி, இடது கையால் தொட்டால் இல்லாத மாதிரி. கடைசியில் அவன், "கைய எடும்மா, தூங்கறேன்" என்றான். எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுந்து பல் விளக்குகிறான். இட்லி கேட்கிறான்.

அங்கே என்ன ஆயிற்று? உடனே எழுது. போன் செய்யாதே. மணி அடித்தால் எனக்கு உயிர் போய்விடும்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
14.9.2025

அண்ணிக்கு,

நீங்கள் போன பின் நடந்ததை எழுதுகிறேன்.

ராயப்பன் பழைய எண்ணெய் டின்னை வெட்டி லைட்டுக்கு ஒரு தொப்பி மாதிரி மாட்டினார். வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பாக, சின்னதாகப் போட்டார். கீழே பார்த்துத் திருப்பினார். கண்ணையன் மாமா கீழே நின்று, அம்மன் எரியட்டும் என்று சொன்ன லைட்டில் கை வைக்கலாமா என்று முனகிக்கொண்டே இருந்தார். நீங்கள் பஸ் ஏறுமுன் அவரிடம் சொன்னதையே நானும் சொன்னேன். "மாமா, எரியட்டும்னுதான் சொன்னா. இப்பவும் எரியுதே" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னா நமக்குப் பேஜாருதான்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

இருட்டியதும் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் சூலத்தில் விழுந்து, வாசற்படியில் விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. தெருவைத் தாண்டி வரவில்லை. அம்மன் முகம் முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. இதை உங்களுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்தது.

உங்கள் தம்பி வழக்கம்போல வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அக்கா அழுதுக்கினே போச்சா" என்று கேட்டார். இல்லை என்றேன். போய்ப் படுத்தார்.

காலையில் எழுந்திருக்கவில்லை. சேவல் கூவியது, எழுந்திருக்கவில்லை. கோயிலில் மைக் போட்டார்கள், எழுந்திருக்கவில்லை. வெயில் ஜன்னல் வழியாகக் காலில் ஏறியது. கூப்பிடப் பயம், கூப்பிட்டு எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று. குனிந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருக்கிறார். விரலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சர்க்கரை ஒரு ராத்திரியில் இறங்காது, மாத்திரையும் நிற்காது என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். மறுபடி போய்ப் பார்த்து, அவர் சரி என்று சொல்லும்வரை சாவி பானையில்தான் இருக்கும். தென்னரசு எப்படி இருக்கிறான்? நீங்கள் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். கெட்ட செய்தி என்றால் போன் வந்திருக்கும், வரவில்லை, அதை வைத்துத்தான் தைரியமாக இருக்கிறேன்.

வெயில் முகத்துக்கு ஏறி அவர் இமை அசைந்தது. அதனால் பெட்டியிலிருந்து அந்தக் கறுப்பு வேட்டியை எடுத்து ஜன்னலில் கட்டிவிட்டேன். உங்களைக் கேட்காமல் கட்டினேன். அவர் எழுந்ததும் அவிழ்த்துவிடுவேன்.

பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறை இருட்டாக இருக்கிறது.

புனிதா